இளைஞர் கழகமும் செயற்றிட்டத் தலைவரும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது முதுமொழி. சுரைக்காய் கறிக்கு உதவ வேண்டுமாயின் ஒருவர் விதையை ஊன்றி, நீர் வார்த்து, பந்தலிட்டு, பூச்சி அரியாது காத்து, காய் முற்றுமுன் பறித்தல் வேண்டும். இவற்றை ஒரு பிள்ளை தன் கையாற் செய்து முடிப்பதற்குள் அது கற்கக்கூடிய பாடங்கள் பல. ஆயினும், அப்பிள்ளையின் பக்கத்தில் நின்று, வேண்டியபோது வழிகூறி, வேண்டாதபோது வாளாவிருக்கத் தெரிந்த மூத்தவர் ஒருவர் இல்லாவிடின், அப்பாடங்களுட் பல கைக்கு எட்டாமலே போய்விடும். அவ்வாறு பக்கத்தில் நிற்பதனையே ஒரு தொண்டாக ஏற்றுக்கொண்டவருக்கு இளைஞர் கழகங்களிலே செயற்றிட்டத் தலைவர் என்று பெயர்.

தலைவர் என்ற சொல்லைக் கேட்டதும் மேடையும் மாலையும் நினைவுக்கு வருதல் இயல்பு. இந்தத் தலைவருக்கு மேடையுமில்லை, மாலையுமில்லை. ஆட்டுக் கொட்டில், அடுக்களை, தச்சுப் பட்டறை, காய்கறித் தோட்டம் ஆகியனவே அவருடைய இடங்கள். அவர் சம்பளம் பெறும் ஆசிரியரும் அல்லர். பகலிலே கமத்தையோ கடையையோ கந்தோரையோ கவனித்துவிட்டு, மாலைப்பொழுதையும் வாரவிடுமுறையையும் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர் அவர். இப்பதவி எவ்வாறு தோன்றியது, இதனை ஏற்பவர் செய்ய வேண்டியது யாது, செய்யாது விட வேண்டியது யாது என்பவற்றை, இது தெளிந்த வடிவம் பெற்ற ஓர் இயக்கத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். அவ்வியக்கம் ஐக்கிய அமெரிக்காவின் 'நான்கு-எச்' கழகங்களாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டுப்புறத்திலே ஒரு சிக்கல் இருந்தது. பல்கலைக்கழகங்களும் விவசாய ஆராய்ச்சி நிலையங்களும் மண், விதை, உரம் ஆகியவற்றைப் பற்றிப் புதிய உண்மைகளைக் கண்டறிந்திருந்தன. ஆனால் கமக்காரரோ அவற்றை எளிதில் ஏற்றாரல்லர். தந்தையும் பாட்டனும் உழுத முறையே சிறந்தது என்று கருதிய அவர்கள், புதிய முறைகளைப் 'புத்தகக் கமம்' என்று எள்ளி ஒதுக்கினர். முதியோர் மறுத்ததைப் பிள்ளைகள் ஏற்கக்கூடும் என்று சில ஆசிரியர்கள் எண்ணினர். பாடசாலைக் கல்வி பிள்ளைகளின் நாட்டுப்புற வாழ்வோடு ஒட்டாமல் நிற்கின்றதே என்ற கவலையும் அவர்களுக்கு இருந்தது. இவ்விரண்டு எண்ணங்களும் சேர்ந்தே இக்கழகங்களைப் பிறப்பித்தன.

ஒகையோ மாநிலத்திலே பாடசாலைகளின் மேற்பார்வையாளராக இருந்த அல்பேட் கிரஹம் என்பவர், 1902 ஆம் ஆண்டு ஜனவரி 15 ஆம் நாள், ஸ்பிரிங்பீல்ட் நகரத்து நீதிமன்றக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் ஏறத்தாழ 30 பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் தம்முள்ளே நிருவாகிகளைத் தெரிந்துகொண்டனர். வண்ணம் மாறும் சோதனைத் தாளைக் கொண்டு தங்கள் வீட்டு நிலத்தின் மண் புளிப்புத் தன்மையுடையதா என்று சோதித்தனர், சோள விதைகளைத் தெரிந்தெடுத்து விதைத்தனர், தோட்டமிட்டனர். மிசிசிப்பி மாநிலத்தின் ஹோம்ஸ் மாவட்டத்திலே 1907 இல் சிறுவருக்கான சோளக் கழகம் ஒன்று அரசாங்க விவசாயப் பகுதியின் துணையுடன் தொடங்கிற்று. தென் கரோலினாவின் அய்க்கன் மாவட்டத்திலே மேரி குறோமர் என்னும் ஆசிரியை, சிறுவருக்குக் கழகமிருக்கச் சிறுமியருக்கு ஏன் இருத்தலாகாது என்று வினவி, 1910 இல் தக்காளிக் கழகத்தை அமைத்தார். சிறுமி ஒவ்வொருத்தியும் ஓர் ஏக்கரிற் பத்திலொரு பங்கு நிலத்தில் தக்காளி பயிரிட்டு, பழத்தைப் பேணிகளில் அடைத்து விற்றாள். தன் உழைப்பால் வந்த பணத்தைத் தன் கையாலே எண்ணும் வாய்ப்பு நாட்டுப்புறச் சிறுமியர் பலருக்கு அப்போதுதான் முதன்முறையாகக் கிடைத்தது.

விளைவு முதியோரையும் திரும்பிப் பார்க்கச் செய்தது. அதே 1910 இல், அதே தென் கரோலினாவிலே, ஜெரி மூர் என்னும் சிறுவன் ஒரேயொரு ஏக்கரில் 228¾ புசல் சோளம் விளைவித்தான். அயலிலுள்ள வளர்ந்த கமக்காரர் பெற்றதோ அதில் ஒரு சிறு பங்கே. மகனுடைய ஏக்கரைக் கண்ட பின்னரே தகப்பன் தன் வயலிலும் விதையை மாற்றத் துணிந்தான். அறிவு மூத்தோரிடமிருந்து இளையோருக்குச் செல்வதே உலக வழக்கம். இங்கே அது எதிர்த்திசையிற் சென்றது.

1914 ஆம் ஆண்டிலே ஸ்மித்–லீவர் சட்டம் நிறைவேறியது. அதன்படி மத்திய அரசும் மாநிலங்களும் செலவைப் பகிர்ந்துகொள்ள, பல்கலைக்கழகங்களின் வாயிலாக மாவட்டந்தோறும் விவசாய விரிவாக்க உத்தியோகத்தர் நியமிக்கப்படலாயினர். இளைஞர் கழகங்களும் அவர்களின் பொறுப்பிலே வந்தன. ஆயின், ஒரு மாவட்டத்திலுள்ள நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் கொட்டில்களுக்கும் தோட்டங்களுக்கும் ஒருவரோ இருவரோ எவ்வாறு செல்ல முடியும்? இந்த இடர்ப்பாட்டிலிருந்தே தொண்டர் தலைமை வளர்ந்தது. ஆடு வளர்க்கத் தெரிந்தவர் அயற் பிள்ளைகள் ஐவருக்கு ஆடு வளர்ப்பைக் கற்பித்தார். பாண் சுடத் தெரிந்தவர் தம் அடுக்களையைத் திறந்துவிட்டார். தச்சர் தம் பட்டறையைத் திறந்துவிட்டார். உத்தியோகத்தர் தொண்டரைப் பயிற்றினார்; தொண்டர் பிள்ளைகளைப் பயிற்றினர். அந்த ஏற்பாடு நூறாண்டு கடந்து இன்றும் நிலவுகின்றது. இன்று ஏறத்தாழ 60 இலட்சம் பிள்ளைகளும் இளைஞரும் இவ்வியக்கத்திற் பங்குபெறுகின்றனர் என்று கூறப்படுகின்றது.

தலை, இதயம், கை, உடல்நலம் ஆகிய நான்கினையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் நான்கும் 'எச்' என்னும் எழுத்தைக் கொண்டு தொடங்குவன. எனவே இப்பெயர் அமைந்தது. இதழுக்கு ஓரெழுத்தாக நான்கு இதழுடைய ஒரு பசிய இலையே இயக்கத்தின் சின்னம். அறிவு, அன்பு, உழைப்பு, நலம் என்னும் நான்கும் ஒருங்கே வளர்தல் வேண்டும் என்பதே அதன் கருத்து. செய்து கற்றல் என்பது இவ்வியக்கத்தின் அடிப்படை நெறி. அந்நெறியின் கருவியே செயற்றிட்டம்.

செயற்றிட்டம் என்பது யாது? ஒரு பிள்ளை தானே தெரிந்துகொண்டு, ஒரு குறிக்கோளை வகுத்து, பல மாதங்கள் தொடர்ந்து செய்து, கணக்கும் குறிப்பும் எழுதி, ஈற்றில் பிறருக்குக் காட்டும் ஒரு வேலையே செயற்றிட்டமாகும். செம்மறியாட்டுக் குட்டி வளர்த்தல், கோழி வளர்த்தல், தேனீ வளர்த்தல், தையல், பாண் சுடுதல், தச்சுவேலை, மின்சாரம், நிழற்படக் கலை என்று அவை பலவகைப்படும். நகரங்களிலும் கழகங்கள் பரந்தபின் சிறு உந்துகணைகளும் இயந்திர மனிதர்களும் பட்டியலிலே சேர்ந்துள்ளன. பொருள் எதுவாயினும் முறை ஒன்றே.

கழகத்தை நடத்தும் தலைவர் வேறு. செயற்றிட்டத் தலைவர் வேறு. முன்னவர் கூட்டங்களையும் உறுப்பினர் பதிவையும் பெற்றோர் தொடர்பையும் கவனிப்பவர். பின்னவரோ ஒரு பொருளை மாத்திரம் கற்பிப்பவர். எனவே நிருவாகத் திறமை இல்லாதவரும், மேடையிற் பேச அஞ்சுபவரும் இப்பணிக்கு வரலாம். அவருக்கு வேண்டியன இரண்டு: ஒரு தொழிலிலோ கலையிலோ பழகிய கை, பிள்ளைகளிடத்து அன்பும் பொறுமையும். ஆயினும் அன்பு உண்டென்று ஒருவர் கூறுவதை மட்டும் கொண்டு பிள்ளைகளை அவரிடம் ஒப்படைத்தல் ஆகாது. இக்காலத்திலே தொண்டராக வர விரும்புபவர் விண்ணப்பம் எழுதுகின்றார்; அவரை அறிந்தவர்களிடம் விசாரிக்கப்படுகின்றது; முன்னர்க் குற்றம் புரிந்தவரா என்பதும் ஆராயப்படுகின்றது; பயிற்சியும் அளிக்கப்படுகின்றது. வளர்ந்தவர் ஒருவர் ஒரு பிள்ளையுடன் தனித்திருத்தல் கூடாது என்ற விதி பல இடங்களில் உண்டு. நல்லவர் இவ்விதியைக் கண்டு மனம் நோவதில்லை. பிள்ளையின் பாதுகாப்புக்கான வேலி தமது நற்பெயருக்கும் வேலியாகும் என்பதை அவர் அறிவார்.

இனி, அவருடைய வேலை நடைபெறும் விதத்தைச் செம்மறியாட்டுச் செயற்றிட்டம் ஒன்றைக் கொண்டு பார்க்கலாம். ஆண்டின் முற்பகுதியிலே பிறந்த குட்டியை இளவேனிலில் பிள்ளை வாங்குகின்றது. கோடையில் மாவட்டக் கண்காட்சி. அன்று ஆட்டின் நிறை 130 இறாத்தலாக இருத்தல் வேண்டும் என்பது பிள்ளையின் குறிக்கோள் என்க. இப்போது குட்டியின் நிறை 60 இறாத்தல். கண்காட்சிக்கு இருப்பது 100 நாள். அனுபவமுள்ள தலைவருக்கு விடை உடனே தெரியும். நாளொன்றுக்கு இவ்வளவு தீனி போடு என்று ஒரே வாக்கியத்திற் சொல்லிவிட அவரால் முடியும். அவர் அவ்வாறு சொல்வதில்லை. "உன் குட்டி இன்னும் எவ்வளவு நிறை கூட வேண்டும்? எத்தனை நாள் உண்டு?" என்று வினவுகின்றார். பிள்ளை 70 இறாத்தலை 100 நாளாற் பிரித்து, நாளொன்றுக்கு ஓர் இறாத்தலிற் பத்தில் ஏழு பங்கு என்று காண்கின்றது. பாடசாலையில் வெறும் புள்ளியாக இருந்த தசமக் கணக்கு கொட்டிலிலே உயிர்பெற்று எழுகின்றது.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை குட்டி நிறுக்கப்படுகின்றது. 14 நாளில் ஏறத்தாழ 10 இறாத்தல் கூடியிருக்க வேண்டும்; ஆறுதான் கூடியிருக்கின்றது என்க. தலைவர் மீண்டும் வினவுகின்றார். தண்ணீர்த் தொட்டி சுத்தமாக இருந்ததா? தீனி வேளை தவறாமல் வைக்கப்பட்டதா? குட்டியின் வயிற்றிற் புழு உண்டா? கொட்டிலில் வெக்கை மிகுந்ததா? பிள்ளை தன் குறிப்பேட்டைப் புரட்டுகின்றது. குறிப்பு எழுதியிருந்தால் விடை கிடைக்கின்றது. எழுதாது விட்டிருந்தால் குறிப்பின் அருமை விளங்குகின்றது. இரண்டும் பாடமே. செய்தல், செய்ததை எண்ணிப் பார்த்தல், எண்ணிக் கண்டதை வேறிடத்திற் பயன்படுத்தல் என்ற மூன்று படிகளை இவ்வியக்கத்தினர் வற்புறுத்துவர். நடுப்படி தலைவருடையது. செய்தலைப் பிள்ளை தானாகவே செய்யும். எண்ணிப் பார்ப்பதற்கோ எவரேனும் ஒருவர் வினவுதல் வேண்டும்.

இங்கேதான் இப்பணியின் கடினமான பகுதி வருகின்றது. தொழில் தெரிந்தவருடைய கை சும்மா இருக்க விரும்புவதில்லை. பிள்ளை ஆணியைக் கோணலாக அறைவதைக் காணும்போது சுத்தியலைப் பிடுங்கி நேராக அறைய அது துடிக்கும். பிடுங்கினால் ஆணி நேராகும். பெட்டி அழகாக முடியும். கண்காட்சியிற் பரிசும் கிடைக்கலாம். ஆனால் அந்தப் பெட்டி தலைவருடையது, பிள்ளையினுடையதன்று. பரிசு பெற்ற பிள்ளைக்கும் அது தெரியும். தன்னால் இயலாது என்ற எண்ணமே அதன் மனத்திற் பதிந்துவிடும். ஆகவே, செயற்றிட்டத் தலைவர் அமைக்க வந்தது பெட்டியை அன்று. பெட்டி செய்யும் பிள்ளையை. வளர்க்க வந்தது ஆட்டை அன்று. ஆடு வளர்க்கும் பிள்ளையை. இவ்வேறுபாட்டை மறந்த தலைவர் எவ்வளவு உழைத்தாலும் அவ்வுழைப்பு இடம்மாறிப் போனதாகும்.

அங்ஙனமாயின் பிழை நேரும்போதெல்லாம் பார்த்துக்கொண்டே இருத்தல் வேண்டுமா? அதுவும் அன்று. பிழைகள் மூவகைப்படும். பிள்ளைக்கே ஊறு விளைக்கும் பிழை ஒன்று. வாள் வழுக்கப்போகின்றது, போறணையின் சூட்டிலே கை படப்போகின்றது என்றால் அக்கணமே கையைப் பிடித்து நிறுத்துதல் வேண்டும். அங்கே வினாவுக்கு இடமில்லை. மற்றோர் உயிருக்கு ஊறு விளைக்கும் பிழை இரண்டாவது. பிள்ளை பாடம் கற்கட்டும் என்று ஆட்டைத் தாகத்தில் வாட விடுதல் அறமன்று. அங்கேயும் தலைவர் உடனே தலையிடுதல் வேண்டும். பின்னர் ஆறுதலாகக் காரணத்தை விளக்கலாம். வேலையை மாத்திரம் கெடுக்கும் பிழை மூன்றாவது. இதனிடத்திலேதான் அவர் தம் கையை அடக்கிக்கொள்ளுதல் வேண்டும்.

பாண் சுடும் பிள்ளை ஒன்று, 'ஈஸ்ட்' என்று கடையில் விற்கும் மதுவத்தைக் கொதிநீரிற் கரைக்கின்றது என்க. மதுவம் ஓர் உயிர், வெதுவெதுப்பான நீரில் அது பெருகும், கொதிநீரில் மடியும். மா பொங்காது, பாண் கல்லுப்போல் ஆகும் என்பது அருகில் நிற்பவருக்குத் தெரியும். ஆயினும் இழப்பது சிறிது மாவும் ஒரு மாலைப்பொழுதுமே. பாண் பொங்காது போன பின், "மற்றவளின் மா பொங்கியதே, உன் மா ஏன் பொங்கவில்லை? இருவரும் செய்ததில் வேற்றுமை எங்கே?" என்று கேட்டு, இரண்டு கிண்ணங்களிலே கொதிநீரும் இளஞ்சூட்டு நீரும் வைத்து மதுவத்தை இட்டுப் பார்க்கச் செய்தால், அப்பிள்ளை உயிரியற் பாடமொன்றை வாழ்நாள் முழுவதும் மறவாது. முன்கூட்டியே தடுத்திருந்தால் நல்ல பாண் ஒன்று கிடைத்திருக்கும், வேறெதுவும் கிடைத்திராது. எனினும் மா வாங்கப் பணமில்லாத வீட்டுப் பிள்ளையாயின், அச்சிறு இழப்பும் பெரிதாகும். அப்பிள்ளையின் மாவைக் காத்து வேறு வழியிற் கற்பிப்பதே முறை. பிழையின் விலையைத் தாங்கக்கூடியவர் யார் என்பதையும் தலைவர் அறிந்திருத்தல் வேண்டும்.

செயற்றிட்டத்தின் மற்றொரு கூறு கணக்கேடு. குட்டியின் விலை, தீனியின் விலை, மருந்துச் செலவு, விற்ற பணம் ஆகியவை யாவும் அதில் எழுதப்படும். பழைய சோளக் கழகங்களிலும் பரிசைத் தீர்மானித்தது விளைச்சலின் அளவு மாத்திரமன்று. செலவு போக நின்ற இலாபமும், பயிர் செய்த வரலாற்றைச் சிறுவன் எழுதிய கட்டுரையும் கணக்கில் எடுக்கப்பட்டன. மிகுந்த உரத்தைக் கொட்டி மிகுந்த விளைச்சல் பெறுதல் திறமையன்று என்பதை அது உணர்த்திற்று. கணக்கேடு இலாபத்தைக் காட்டாது நட்டத்தைக் காட்டும் ஆண்டுகளும் உண்டு. அப்போது பெற்றோர் வெட்கி, ஏட்டைச் சரிசெய்யச் சொல்லக்கூடும். மெய்யான நட்டக் கணக்கு பொய்யான இலாபக் கணக்கிலும் உயர்ந்தது என்று உறுதியாக நிற்பது தலைவர் கடமை. தீனி விலை ஏறியதா, ஆடு தாமதமாக வளர்ந்ததா என்று நட்டத்தின் காரணத்தைப் பிள்ளை கண்டறியுமாயின், அவ்வாண்டு வீணானதன்று.

ஆண்டின் முடிவிலே கண்காட்சி வருகின்றது. பல மாவட்டங்களிலே நடுவர் பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு நிரைப்படுத்தாமல், வகுத்த ஓர் அளவுகோலோடு ஒவ்வொரு வேலையையும் ஒப்பிட்டு நீலம், சிவப்பு, வெள்ளை என்னும் நாடாக்களை வழங்குவர். அளவுகோலை எட்டிய பிள்ளைகள் பலர் இருப்பின் பலருக்கும் நீல நாடா கிடைக்கும். நல்ல நடுவர் தாம் கண்ட நிறைவையும் குறையையும் பிள்ளைக்கே விளங்கச் சொல்வார். எனினும் போட்டி மனப்பான்மை முற்றாக நீங்கியதென்று கூறுதல் இயலாது. பெரும் பரிசுகளும் உயர்ந்த ஏல விலையும் உள்ள இடங்களிலே, பணம் படைத்த பெற்றோர் விலையுயர்ந்த விலங்கை வாங்கி, கைதேர்ந்தவரைக் கொண்டு அதனை வளர்ப்பித்து, கண்காட்சி நாளிலே கயிற்றை மட்டும் பிள்ளையின் கையிற் கொடுப்பதும் நிகழ்ந்திருக்கின்றது. இதனைத் தடுக்க விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஆயினும் ஊருக்குள் இருந்துகொண்டு, கொட்டிலைக் கூட்டுவது யார் என்பதைக் கண்ணால் அறிபவர் செயற்றிட்டத் தலைவரே. அயலவரின் மனம் நோகுமே என்று அவர் மௌனமாக இருந்தால், தானே உழைத்த பிள்ளைக்கு அநீதி இழைத்தவராவார்.

இறைச்சிக்காக வளர்க்கப்பட்ட ஆடு கண்காட்சியின் முடிவில் ஏலம் விடப்படும். மாதக் கணக்காகக் காலையும் மாலையும் தீனியிட்டு, பெயர்வைத்து, கயிறு பிடித்து நடத்திப் பழக்கிய உயிரை அன்று பிரிதல் வேண்டும். அது எங்கே செல்கின்றது என்பதும் பிள்ளைக்குத் தெரியும். ஆட்டின் கழுத்திலே முகம் புதைத்து அழும் பிள்ளைகளை இக்கண்காட்சிகளில் ஆண்டுதோறும் காணலாம். இவ்விடத்தில் தலைவர் செய்யத்தக்கது யாது? ஆட்டை ஒரு நல்ல பண்ணைக்குக் கொண்டுபோகின்றார்கள் என்று பொய்யாகத் தேற்றுபவர், அப்பிள்ளை தம்மிடம் வைத்த நம்பிக்கையை இழந்துவிடுவார். அழுவது பேதைமை என்று கண்டிப்பவர் இதயம் என்னும் இதழைக் கிள்ளி எறிபவராவார். அறிவுடைய தலைவர் முதல் நாளிலேயே, குட்டியை வாங்கு முன்னரே, இவ்வேலையின் முடிவு இதுவென்று பிள்ளைக்கும் பெற்றோருக்கும் வெளிப்படையாகக் கூறிவிடுகின்றார். அதனைத் தாங்க இயலாத பிள்ளைக்குக் கம்பளிக்காக ஆடு வளர்த்தல், முட்டைக்காகக் கோழி வளர்த்தல் போன்ற வேறு வழிகள் உண்டு. உணவு எங்கிருந்து வருகின்றது, அதன்பொருட்டு எவ்வுயிர் எதனைக் கொடுக்கின்றது என்பதை அறிந்து வளரும் பிள்ளை, உயிரைத் துன்புறுத்தாமலும் உணவை வீணாக்காமலும் வாழக் கற்கும். ஏல நாளன்று தலைவர் சொல்லக்கூடிய சொற்கள் மிகச் சில. பக்கத்தில் நிற்பதே அன்றைய தலைமை.

இவ்வியக்கத்தின் வரலாற்றிலே மறைக்கக்கூடாத ஒரு குறையும் உண்டு. தென் மாநிலங்களிலே கறுப்பினப் பிள்ளைகளுக்கான கழகங்கள் நெடுங்காலம் வேறாக வைக்கப்பட்டிருந்தன; அவற்றுக்குக் கிடைத்த பணமும் வசதியும் குறைவு. எனினும் அங்கே நடந்த பணி சிறிதன்று. அலபாமாவின் டஸ்கீகீ கல்லூரியிலிருந்து, கோவேறு கழுதைகள் இழுத்த ஒரு வண்டியிலே கருவிகளையும் விதைகளையும் ஏற்றிக்கொண்டு, தோமஸ் கம்பெல் என்பவர் 1906 முதல் கறுப்பினக் கமக்காரரின் ஊர்தோறும் சென்று கற்பித்தார். 1964 ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டத்தின் பின்னரே கழகங்களைப் பிரித்துவைக்கும் முறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. பிள்ளைகளை வளர்க்கப் பிறந்த இயக்கமே பிள்ளைகளுட் சிலரை வாயிலுக்கு வெளியே நிறுத்திய இவ்வரலாறு தலைவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எச்சரிக்கையாகும். வந்த பிள்ளைகளை எண்ணுவதோடு அமையாமல், வராத பிள்ளைகள் யார், ஏன் வரவில்லை என்று அவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆடு வாங்கப் பணமில்லாமை, நிலமில்லாமை, வந்துபோக வண்டியில்லாமை, உடற்குறை, மொழி, இனம் ஆகியவற்றுள் எது தடையாக நின்றாலும் அதனை நீக்க வழிதேடுதல் அவர் பணியின் ஒரு பகுதியே.

பிள்ளைகள் வளர்கின்றனர். பதினான்கு, பதினைந்து வயதான உறுப்பினர் சிலர் நான்கைந்து ஆண்டு அனுபவம் பெற்றிருப்பர். இவர்களை இளந்தலைவராக்கி, புதிதாய் வந்த சிறுவருக்குக் கற்பிக்கும் பொறுப்பை ஒப்படைப்பது இக்கழகங்களின் வழக்கம். குட்டியை எப்படிப் பிடிப்பது என்று எட்டு வயதுச் சிறுவனுக்குப் பதினைந்து வயதினன் காட்டும்போது, இரண்டு கல்விகள் ஒருங்கே நடைபெறுகின்றன. மூத்த தலைவர் அன்று ஓரடி பின்வாங்கி நிற்கின்றார். தம்மை வேண்டாதாரிடத்து நிற்கின்றோமே என்று அவர் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. அதற்காகவே அவர் இத்தனை ஆண்டும் உழைத்தார்.

செயற்றிட்டத் தலைவரின் பணியை அளக்கும் கோல் இதுவே. அவர் வந்திருக்கும் நாளிலே கழகம் எவ்வாறு நடக்கின்றது என்பதைக் கொண்டு அவரை மதிப்பிடுதல் எளிது. ஆனால் அது பிழையான அளவை. அவர் நோயுற்று வராத நாளிலே, தொழிலின் பொருட்டு வேறூர் சென்றுவிட்ட ஆண்டிலே, பிள்ளைகள் தாமாகவே கூடி, ஆட்டை நிறுத்து, குறிப்பை எழுதி, புதியவனுக்குக் கற்பித்துக்கொண்டிருக்கின்றார்களா என்று பார்த்தல் வேண்டும். ஆம் எனில் அவர் தலைவர். இல்லை எனில் அவர் நல்ல வேலைக்காரர், அவ்வளவே.

இலங்கையின் ஊர்களிலும் இளைஞர் கழகங்களும் சனசமூக நிலையங்களும் உள. அங்கே கணினி கற்பிக்க முன்வருபவருக்கும், மரக்கறித் தோட்டம் இடுவிப்பவருக்கும், நாடகம் பழக்குபவருக்கும், தையல் சொல்லிக்கொடுப்பவருக்கும் இதே சோதனை காத்திருக்கின்றது. நாடு வேறு, பயிர் வேறு. துடிக்கும் கை ஒன்றே. ஊருக்கு உதவ விரும்பும் ஒருவர், தமக்கு நன்கு கைவந்த ஒரு வேலையையும், கிழமைக்கு ஓரிரு மணி நேரத்தையும், ஐந்தாறு பிள்ளைகளையும் கொண்டு இத்தொண்டைத் தொடங்கலாம். பெரும் பணம் வேண்டியதில்லை. பெரும் பேச்சும் வேண்டியதில்லை. கோணலான முதல் ஆணியைப் பொறுத்துக்கொள்ளும் மனம் ஒன்று வேண்டும். இரண்டாவது ஆணியைப் பிள்ளை சற்று நேராகவே அறையும்.